உங்கள் சொல்தான் முதல் சோதனை

மூத்தோருக்கான இதயநல உரையின் எழுத்து வடிவம்



நான் மருத்துவர் இல்லை, மொழிபெயர்ப்பாளர். சோதனைக்குப் போகுமுன் உங்கள் கையில் கொடுக்கப்படும் தாள், மருந்துடன் வரும் குறிப்பு, மருந்தகச் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு போன்றவற்றைத் தமிழில் எழுதுவது என் வேலை. இதயம் பற்றிய குறிப்புகளை எழுதும்போதெல்லாம் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. இதயத்தைப் பார்க்க இன்று எத்தனையோ கருவிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் எதைப் பயன்படுத்துவது, எவ்வளவு சீக்கிரம் பயன்படுத்துவது என்று மருத்துவர் முடிவு செய்வது பெரும்பாலும் நீங்கள் சொல்வதைக் கேட்ட பிறகுதான்.

ஆகவே இன்று மூன்று காரியங்களைப் பார்ப்போம். உடம்பில் உணர்வதை எப்படிச் சொல்வது, ஒவ்வொரு சோதனையும் எதைப் பார்க்கிறது, முடிவில் வரும் சொற்களை எப்படிப் புரிந்துகொள்வது.

சிங்கப்பூரில் நேரும் மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு இதய நோயும் பக்கவாதமும் காரணமாக இருக்கின்றன. இந்திய வம்சாவளியினருக்கு நீரிழிவும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதும் நெடுநாளாகத் தெரிந்ததே. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் வீடுகளில் இந்தப் பேச்சு கொஞ்சம் முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

“வலி இல்லை டாக்டர்”

பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் கேட்கிறார்: “நெஞ்சு வலிக்கிறதா?” பெரியவர் பதில் சொல்கிறார்: “வலியெல்லாம் இல்ல டாக்டர்.” மருத்துவர் ‘வலி இல்லை’ என்று எழுதிக்கொள்கிறார்.

பெரியவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வலி இல்லைதான். ஆனால் மேம்பாலப் படி ஏறும்போது நெஞ்சில் யாரோ கை வைத்து அழுத்துவதுபோல் இருக்கிறது. இரண்டு நிமிடம் நின்றால் போய்விடுகிறது. அதை அவர் ‘காத்து’ என்று நினைக்கிறார். ஓமத்தண்ணீர் குடிக்கிறார், தைலம் தேய்க்கிறார். மருத்துவர் ‘வலி’ என்று கேட்டதால் இதைச் சொல்லத் தோன்றவில்லை.

இதயத் தசைக்குப் போதிய ரத்தம் கிடைக்காதபோது உண்டாவது பல பேருக்குக் குத்தும் வலியாக இருக்காது. இறுக்கம், கனம், அழுத்தம், எரிச்சல், அடைப்பு என்று பல விதமாக இருக்கும். தாடை, கழுத்து, தோள், கை, முதுகு, மேல்வயிறு ஆகிய இடங்களுக்கும் அது பரவலாம். பெண்களுக்கும், வயதானவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் நெஞ்சில் ஒன்றும் தெரியாமல் மூச்சு வாங்குதல், காரணமில்லாத களைப்பு, குமட்டல், வியர்வை என்று மட்டும் வெளிப்படலாம்.

ஆகவே ‘வலி’ என்ற ஒரு சொல்லுக்குள் உங்கள் உணர்வை அடக்க வேண்டாம். “வலி இல்லை, ஆனால் கனமாக இருக்கிறது” என்று சொல்லுங்கள். கூடவே நான்கு விவரங்களைச் சேர்த்துச் சொல்லுங்கள். எப்போது வருகிறது? என்ன செய்தால் அதிகமாகிறது? எவ்வளவு நேரம் இருக்கிறது? என்ன செய்தால் குறைகிறது?

நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது என்றால் மருத்துவர் ஒரு வழியில் யோசிப்பார். சாப்பிட்டுப் படுத்தால் வருகிறது என்றால் வேறு வழியில் யோசிப்பார். கையால் அழுத்தினால் அந்த இடம் நோகிறது என்றால் இன்னொரு வழி. “காஸ்தான் டாக்டர்” என்று காரணத்தை நீங்களே முடிவு செய்து சொல்லிவிட்டால், இந்த வழிகள் எல்லாம் மறைந்துபோகும். உணர்வை நீங்கள் சொல்லுங்கள்; காரணத்தை அவர் கண்டுபிடிக்கட்டும்.

ஒரு சொல், இரண்டு பொருள்

தமிழில் சில சொற்கள் எங்களைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்களைத் திணறடிக்கும். ‘மயக்கம்’ அவற்றில் முதன்மையானது. “நேத்து மயக்கமா வந்துச்சு” என்றால் தலை சுற்றியதா, கண் இருட்டியதா, அல்லது நினைவு தப்பிக் கீழே விழுந்தீர்களா? மூன்றுக்கும் நாம் ஒரே சொல்லைச் சொல்கிறோம். மருத்துவருக்கு இவை மூன்றும் வேறு வேறு. உலகமே சுற்றுவதுபோல் இருந்தால் காதின் உட்பகுதியைச் சோதிக்க வேண்டியிருக்கலாம். நினைவு தப்பியிருந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கை உடனே பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே “சுற்றியது, ஆனால் விழவில்லை” என்றோ, “ஒரு நிமிடம் என்ன நடந்ததென்றே தெரியவில்லை” என்றோ முழுதாகச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்து பார்த்தவர் யாராவது இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள்.

‘படபடப்பு’ இன்னொரு சொல். கவலையால் வரும் பதற்றத்துக்கும் இதைத்தான் சொல்கிறோம், துடிப்பு தாறுமாறாக ஓடுவதற்கும் இதைத்தான் சொல்கிறோம். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. அந்தத் துடிப்பு எப்படி இருந்தது என்று மேசையில் விரலால் தட்டிக் காட்டுங்கள். வேகமாக, ஆனால் சீராக ஓடியதா? நடுவில் ஒன்று விட்டுப் போனதா? கணக்கே இல்லாமல் அடித்ததா? எந்த மொழி பேசும் மருத்துவருக்கும் அது புரியும்.

‘மூச்சு முட்டுது’ என்றால் எப்போது என்று சொல்லுங்கள். முன்பு சந்தைக்கு ஒரே மூச்சில் நடந்தவர் இப்போது இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறதா? படுத்தால் முட்டுகிறதா? எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்பார். அது வீண் கேள்வி அன்று. இதயம் ரத்தத்தைச் சரியாக வெளியேற்றாதபோது நுரையீரலில் நீர் தேங்கும். அப்போது மட்டமாகப் படுத்தால் மூச்சு விடுவது கடினம். ஒன்றாக இருந்த தலையணை மூன்றாகிவிட்டது என்பதே மருத்துவருக்கு முக்கியமான செய்தி. கணுக்கால் வீங்குகிறது, செருப்பு இறுக்குகிறது, சில நாளிலேயே எடை கூடிவிட்டது என்பவையும் அப்படித்தான்.

இதயமும் ஒரு வீடு போலத்தான்

இனி சோதனைகளுக்கு வருவோம். “எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, இன்னும் எதுக்கு ஒண்ணு?” என்று பலர் சலித்துக்கொள்வது உண்டு. ஒவ்வொரு சோதனையும் வேறொரு கேள்விக்குப் பதில் தேடுகிறது என்று தெரிந்துகொண்டால் சலிப்பு குறையும்.

இதயத்தை நம் வீவக வீட்டைப்போல நினைத்துப் பாருங்கள். வீட்டில் மின்சாரக் கம்பி இருக்கிறது, சுவர் இருக்கிறது, கதவு இருக்கிறது, தண்ணீர்க் குழாய் இருக்கிறது. இதயத்திலும் துடிப்பைத் தூண்டும் மின்சாரம் இருக்கிறது. சுருங்கி விரியும் தசைச் சுவர் இருக்கிறது. ரத்தம் திரும்பி வராமல் தடுக்கும் நான்கு வால்வுகள் கதவுகளாக இருக்கின்றன. இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் இருக்கின்றன. மின்சாரம் பார்க்க வந்தவர் “கம்பி நன்றாக இருக்கிறது” என்றால், குழாயில் அடைப்பு இல்லை என்று பொருளாகிவிடாது. இதயச் சோதனைகளும் அப்படியே.

மின்சாரத்தைப் பார்ப்பது: ஈசிஜி

நெஞ்சிலும் கை கால்களிலும் ஒட்டுவில்லைகளை ஒட்டி, இதயத்தின் மின்சாரத்தைக் கோடாக எழுதிக் காட்டுவது ஈசிஜி. உங்கள் உடம்புக்குள் மின்சாரம் எதையும் இது செலுத்துவதில்லை. உள்ளே இருப்பதைக் கேட்டு எழுதுகிறது, அவ்வளவுதான்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்த வில்லெம் ஐன்தோவன் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்றே சொல்லலாம். 1860-ல் ஜாவாவின் செமாராங் நகரில் பிறந்து, பிறகு நெதர்லாந்துக்குப் போனவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய கருவி மிகப் பெரியது. அதை இயக்கப் பலர் வேண்டியிருந்தது. நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். 1924-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இன்று அதே வேலையைத் தாதி ஒருவர் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறார்.

மாரடைப்பு நடந்துகொண்டிருக்கிறதா, துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று அறிய ஈசிஜி மிக உதவும். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. வழக்கமான ஈசிஜி எழுதுவது ஏறக்குறைய 10 வினாடி. ஒரு நாளில் 86,400 வினாடிகள் இருக்கின்றன. இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய 1 லட்சம் முறை துடிக்கிறது. நீங்கள் அமைதியாகப் படுத்திருந்த 10 வினாடியில் எல்லாம் சரியாக இருந்தது என்பதைத்தான் அந்தத் தாள் சொல்கிறது. படி ஏறும்போது என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாது. “போன வருஷம் ஈசிஜி நார்மல்” என்பதை வைத்து, இந்த மாதம் வந்த நெஞ்சு இறுக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

புளோக்கில் மின்தூக்கி அடிக்கடி நிற்கும். பழுதுபார்ப்பவர் வந்து பார்க்கும்போது ஒழுங்காக ஓடும். துடிப்புக் கோளாறும் அப்படி ஏமாற்றும். அதனால்தான் சில பேருக்கு ‘ஹோல்ட்டர்’ என்ற சிறிய கருவியை மாட்டி, 24 மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்கிறார்கள். கருவி உடம்பில் இருக்கும்போது வீட்டிலேயே படுத்துக் கிடக்காதீர்கள். வழக்கம்போல் சந்தைக்குப் போங்கள், கோயிலுக்குப் போங்கள், சமையுங்கள். படபடப்பு வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவில் அந்த நேரத்தைத் தேடிப் பார்ப்பார்கள்.

சுவரையும் கதவையும் பார்ப்பது: எக்கோ

எக்கோ என்பது ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிப்பது. வயிற்றில் குழந்தையைப் பார்க்கும் ஸ்கேன் போன்றதே. கதிர்வீச்சு இல்லை, ஊசி பெரும்பாலும் இல்லை. நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்து நகர்த்துவார்கள். தசை எவ்வளவு நன்றாகச் சுருங்குகிறது, வால்வு சரியாகத் திறந்து மூடுகிறதா என்று திரையில் தெரியும்.

உங்களில் சிலர் செம்பவாங்கிலோ ஜூரோங்கிலோ கப்பல் பட்டறையில் வேலை செய்திருப்பீர்கள். உலோகத்தில், பற்றவைத்த இடத்தில் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையை அனுப்பிப் பார்ப்பதை அங்கே கண்டிருக்கலாம். எக்கோவும் அங்கிருந்து வந்ததுதான். சுவீடனில் இங்கே எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், மால்மோ நகரக் கப்பல் பட்டறையில் விரிசல் பார்க்கப் பயன்பட்டதைப் போன்ற கருவியைக் கொண்டு 1953-ல் இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். கப்பலுக்கு உதவிய ஒலி இதயத்துக்கும் உதவியது.

உழைக்கும்போது பார்ப்பது: டிரெட்மில்

சும்மா இருக்கும்போது குழாயில் பாதி அடைப்பு இருந்தாலும் இதயம் சமாளித்துவிடும். உழைக்கும்போதுதான் குறை தெரியும். அதனால் டிரெட்மில்லில் நடக்கவைத்து, ஈசிஜியையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் புரூஸ் வகுத்த முறைப்படி, 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ, கால் முடியவில்லை என்றாலோ உடனே சொல்ல வேண்டும். மானத்துக்காக நடக்கும் போட்டி இல்லை இது. நீங்கள் சொன்ன நேரமும் சொன்ன சொல்லும் சோதனை முடிவின் ஒரு பகுதி.

முட்டி வலி உள்ளவர்கள் நடக்க முடியாது என்று கவலைப்பட வேண்டாம். ஊசி மருந்தால் இதயத்தின் ரத்த ஓட்டத்தைத் தூண்டிப் பார்க்கும் ஸ்கேன் இருக்கிறது. அதற்கு முன் பொதுவாக 24 மணி நேரம் கோப்பி, தே, மைலோ, கோலா, சாக்லெட் எதுவும் கூடாது என்பார்கள். ‘கஃபீன் நீக்கியது’ என்று போட்டிருக்கும் கோப்பியும் கூடாது. சிலர் இதைப் பத்தியம் என்று நினைத்து, “ஒரு மிடறுதானே” என்று குடித்துவிடுகிறார்கள். கஃபீன் அந்த ஊசி மருந்தின் வேலையைத் தடுத்துவிடும். ஒரு மிடறு கோப்பியால் சோதனையைத் தள்ளிப்போட நேரலாம்.

குழாயையே பார்ப்பது: சிடி ஸ்கேன், ஆஞ்சியோகிராம்

சிடி ஸ்கேனில் கையில் சாய மருந்து ஏற்றி, இதயக் குழாய்களைப் படம் எடுக்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, முன்பு சாய மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ, நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஆஞ்சியோகிராமில் மணிக்கட்டு அல்லது தொடையிடுக்கு வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை கொண்டுபோய், சாய மருந்தைச் செலுத்தி அடைப்பை நேராகப் பார்க்கிறார்கள். பெயரைக் கேட்டாலே பலருக்கு நடுக்கம். நெஞ்சைத் திறக்கும் அறுவை சிகிச்சை இல்லை இது. ஊசி போடும் இடம் மட்டும் மரத்துப்போகும். பெரும்பாலும் விழித்தே இருப்பீர்கள். 1929-ல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், இதயத்துக்குள் குழாய் செலுத்தலாம் என்பதை மெய்ப்பிக்கத் தம் கை நரம்பிலேயே செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய்ப் படம் எடுத்தார். 1956-ல் வேறு இருவருடன் சேர்ந்து நோபெல் பரிசு பெற்றார். இன்று ஆஞ்சியோகிராம் பெரிய மருத்துவமனைகளில் நாள்தோறும் செய்யப்படுவது. ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் வயதுக்கும் உடல்நிலைக்கும் என்ன ஆபத்து, என்ன பயன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

எல்லாருக்கும் எல்லாச் சோதனையும் தேவை இல்லை. அறிகுறி எதுவும் இல்லாத பலருக்கு ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஒழுங்காகப் பார்த்து வருவதே பெரிய பாதுகாப்பு. ‘ஆரோக்கியமான எஸ்ஜி’ திட்டத்தில் சேர்ந்திருந்தால், உங்கள் குடும்ப மருத்துவரிடம் எந்தப் பரிசோதனை எப்போது என்று கேளுங்கள்.

அறிக்கையில் வரும் சொற்கள்

முடிவு வந்த பிறகு நோயைவிடச் சொல்லே சிலரை அதிகமாகப் பயமுறுத்திவிடுகிறது.

எக்கோ அறிக்கையில் ‘இஎஃப் 60 விழுக்காடு’ என்று இருக்கும். பள்ளிக்கூட மதிப்பெண்ணைப்போல எடுத்துக்கொண்டு, “நூத்துக்கு அறுபதுதான், மீதி நாப்பது கெட்டுப்போச்சு” என்று கலங்குவோர் உண்டு. அப்படி இல்லை. ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது கீழறையில் இருக்கும் ரத்தத்தில் எத்தனை பங்கு வெளியே போகிறது என்பதே அந்த எண். நல்ல இதயமும் முழுவதையும் வெளியே தள்ளாது. ஏறக்குறைய 50 முதல் 70 வரை இருப்பது வழக்கமான அளவு. 60 என்பது நல்ல செய்தி.

‘நெகட்டிவ்’ என்றால் கெட்டது என்று நினைக்கிறோம். சோதனையில் நெகட்டிவ் என்றால் தேடிய கோளாறு தென்படவில்லை என்று பொருள். ‘பாசிட்டிவ்’ என்றால்தான் மேலும் பார்க்க வேண்டும். ‘வால்வில் லேசான கசிவு’ என்று இருந்தாலும் உடனே அஞ்ச வேண்டாம். நலமாக இருப்பவர்கள் பலருக்கும் சிறு கசிவு காணப்படும். கவனிக்க வேண்டிய அளவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று சொற்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மாரடைப்பு என்பது இதயக் குழாய் அடைபட்டு, தசையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் இருப்பது. திடீர் இதய நிறுத்தம் என்பது மின்சாரக் கோளாற்றால் துடிப்பே நின்று, ஆள் நினைவிழந்து சாய்வது. ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்பதைத் தமிழில் ‘இதயச் செயலிழப்பு’ என்று எழுதுகிறோம். அதைப் படித்ததும் இதயம் நின்றுவிட்டது, கதை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் இதயம் தன் வேலையைத் தேவையான அளவுக்குச் செய்ய முடியாமல் தளர்ந்திருக்கிறது என்பதே அதன் பொருள். மருந்து, உப்பைக் குறைத்தல், அன்றாடம் எடை பார்த்தல் ஆகியவற்றுடன் பல ஆண்டுகள் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு மனம் உடைந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

காத்திருக்கவைப்பது ஏன்?

நெஞ்சு அசௌகரியத்தோடு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனால், ரத்தம் எடுப்பார்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். “எடுத்ததையே எடுக்கறாங்க, சும்மா உக்கார வெச்சிருக்காங்க” என்று கோபம் வருவது இயல்பு. அவர்கள் தேடுவது ‘ட்ரோபோனின்’ என்ற புரதத்தை. இதயத் தசை சேதமடைந்தால் அது ரத்தத்தில் கசியும். ஆனால் உயர்வது தெரிவதற்குச் சில மணி நேரம் ஆகலாம். முதல் முறை குறைவாக இருந்தது, இரண்டாம் முறை உயர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அந்தக் காத்திருப்பும் சோதனைதான். இரண்டாவது ரத்தம் எடுக்குமுன் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

இதற்கும் முந்திய காத்திருப்புதான் ஆபத்தானது. நாமே வீட்டில் காத்திருப்பது. நெஞ்சில் இறுக்கமோ அழுத்தமோ வந்து, ஓய்வெடுத்தும் போகவில்லை என்றால், அல்லது அதோடு வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் இருந்தால், 995-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். மகன் வேலை முடிந்து வரட்டும் என்று பார்க்க வேண்டாம். டாக்சியில் போகலாம், கார் ஓட்டிப் போகலாம் என்றும் நினைக்க வேண்டாம். அவசர மருத்துவ வாகனத்திலேயே ஈசிஜி எடுக்கும் வசதி இருக்கிறது. உதவி வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடும். அடைபட்ட குழாய்க்குப் பின்னால் இருக்கும் தசை நிமிடத்துக்கு நிமிடம் சேதமாகிறது. சேதமான பிறகு அது பழையபடி வளராது. வந்து பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால், அதைவிட நல்லது வேறென்ன?

பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்ற எண்ணம் நம் பெரியவர்களிடம் ஆழமாக இருக்கிறது. அது அன்பினால் வருவது. ஆனால் இரவில் ஒரு முறை எழுப்புவது தொந்தரவு ஆகாது. காலையில் அவர்கள் வந்து பார்க்கும்போது காலம் கடந்திருப்பதே அவர்களால் தாங்க முடியாதது.

போகுமுன் செய்ய வேண்டியவை

நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். என்ன உணர்ந்தீர்கள், எந்த நாள், எந்த நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எவ்வளவு நேரம் இருந்தது என்று எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். எழுத வராவிட்டால் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதவையுங்கள்.

சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். நாட்டு மருந்து, லேகியம், ஊரிலிருந்து வந்த மாத்திரை, சத்து மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். சில மருந்துகள் ரத்தத்தை இளக்கும், சில அழுத்தத்தைக் கூட்டும். தெரிந்தால்தான் மருத்துவர் பொருத்தமாகக் கொடுக்க முடியும். சோதனைக்கு முன் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், கேட்டு நிறுத்துங்கள்.

ஆங்கிலம் சரளமாக வராது என்றால், தமிழ் தெரிந்த ஊழியர் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. மகளோ பேரனோ உடன் வந்தால் நல்லது. ஆனால் அவர்கள் சுருக்கி, “கொஞ்சம் நெஞ்சு வலியாம்” என்று சொல்லிவிடக்கூடும். பத்து வாக்கியத்தில் நீங்கள் சொன்னது அப்படியே மருத்துவரிடம் போய்ச் சேர வேண்டும். “நான் சொன்னதை அப்படியே சொல்லுப்பா” என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அறையை விட்டு வருமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தச் சோதனை எதைக் கண்டுபிடிக்க? முடிவு எப்போது, யாரிடமிருந்து வரும்? அதுவரை எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும்? செலவு பற்றிய கவலை இருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மருத்துவமனைகளில் மருத்துவச் சமூக ஊழியர்கள் இருக்கிறார்கள். மெடிசேவும் உதவித் திட்டங்களும் எப்படிப் பயன்படும் என்று விளக்குவார்கள். காசை எண்ணிச் சோதனையைத் தள்ளிப்போடுமுன் அவர்களிடம் ஒரு முறை பேசுங்கள்.

1816-ல் பாரிஸ் நகரில் லயனெக் என்ற மருத்துவர், காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்து இதயத்தைக் கேட்டார். அப்படித்தான் ஸ்டெதஸ்கோப் பிறந்தது. அதன் பிறகு வந்த கருவிகள் எல்லாம் இதயத்தை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. ஆனால் மேம்பாலப் படியில் நீங்கள் ஏன் நின்றீர்கள், இரவில் ஏன் எழுந்து உட்கார்ந்தீர்கள் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

சில வாரங்களாக உங்கள் நெஞ்சிலோ மூச்சிலோ நடையிலோ ஏதாவது மாறியிருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். மாறியிருந்தால், இந்த வாரமே குடும்ப மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். போகும்போது அந்த நாட்காட்டித் தாளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.